கார் நிற்கும் இடத்துக்கு எந்தத் தரை நல்லது? கடலூர் உப்பும் சிதம்பரம் களிமண்ணும் சொல்லும் பதில்

சொந்த ஊரில் வீடு கட்டுபவர்கள் கடைசியாக முடிவு செய்யும் விஷயங்களில் ஒன்று, கார் நிற்கும் இடத்தின் தரை. ஹால் டைல்ஸுக்கு நான்கு கடை ஏறி இறங்கியிருப்பார்கள். கிச்சன் கிரானைட்டுக்கு ஒரு வாரம் யோசித்திருப்பார்கள். போர்ட்டிகோ வரும்போது கையில் பணமும் குறைந்திருக்கும், பொறுமையும் போயிருக்கும். "பார்க்கிங் டைல்ஸ் போட்டுடலாம் சார், எல்லாரும் அதான் போடுறாங்க" என்று மேஸ்திரி சொன்னதும் தலையாட்டிவிடுவார்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு, வாட்ஸ்அப் படங்களைப் பார்த்தே கடலூரிலும் சிதம்பரத்திலும் வீடு கட்டும் தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும்.

இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு டைல் தட்டினால் கொடகொடவென்கிறது. இன்னொன்றின் மூலை உடைகிறது. ஓரங்களில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. "டைல்ஸ் தரம் சரியில்லை" என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. ஆனால் பெரும்பாலும் பிரச்சினை டைல்ஸில் இருப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கிறது.

கார் எடை தாங்காமல்தான் உடைகிறதா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆட்கள் ஏறிய ஒரு சிறிய கார் சுமார் 1,200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. டயரில் 33 பிஎஸ்ஐ காற்று இருந்தால், அது தரையை அழுத்துவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. டயர் தரையைத் தொடும் பரப்பு கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அளவு.

வீடுகளில் சாதாரணமாகப் பயன்படும் எம் 20 கான்கிரீட், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தத்தைத் தாங்கும். அதாவது டயர் தரும் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 90 மடங்கு. நல்ல விட்ரிஃபைடு டைல் அதைவிட உறுதியானது.

அப்படியென்றால் ஏன் உடைகிறது? டைலுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால், அது இரண்டு முனையில் தாங்கி நிற்கும் பலகை மாதிரி ஆகிவிடும். அழுத்தினால் வளையப் பார்க்கும். டைலுக்கு வளையத் தெரியாது, உடையத்தான் தெரியும். அடியில் இருக்கும் மண் இறங்கினாலும் இதே கதைதான்.

உண்மையில் காரைவிடத் தரையைச் சோதிப்பது பைக். சைடு ஸ்டாண்டின் முனை சில சதுர சென்டிமீட்டர்தான். 190 கிலோ வண்டியைச் சாய்த்து நிறுத்தும்போது, அதன் மேல் ஆள் உட்கார்ந்திருக்கும்போது, எடையின் ஒரு பங்கு முழுவதும் அந்தச் சிறிய புள்ளியில் இறங்குகிறது. ஸ்கூட்டரை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றும்போது விழும் இடியும், பஞ்சர் போட வைக்கும் ஜாக்கியும் அப்படித்தான். கார் இல்லாத வீட்டுக்கும் உறுதியான தரை வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

கடலூர்: கீழிருந்து வரும் உப்பு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சாலையில் சுமார் 45 கிலோமீட்டர்தான். ஆனால் தரை போடும் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு ஊர்.

கடலூர் நகரத்தில் தேவனாம்பட்டினம், துறைமுகம் பக்கம் மணலும் உப்புக் காற்றும். தென்பெண்ணை, கெடிலம், உப்பனாறு கரைகளையொட்டித் தாழ்வான நிலம். கேப்பர் மலைப் பக்கம் போனால் செம்மண். ஒரே ஊருக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

கடற்கரைக்கு அருகில் இரண்டு தொல்லைகள். ஒன்று, ஓதம். நிலத்தடி ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறும். வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். மேற்பரப்பில் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். டைல்ஸ் இடுக்குகளில் தெரியும் வெள்ளைப் படலம் அதுதான். துடைத்தால் போகும், திரும்பவும் வரும். உள்ளேயே படியும் உப்பு, கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கும்.

இரண்டாவது, கட்டும்போதே நாமே சேர்க்கும் உப்பு. போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தாலும் "தரைக்குத்தானே" என்று கலவைக்கு ஊற்றிவிடுவது சில இடங்களில் நடக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 விதிப்படி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குப் பயன்படுத்தும் தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 மில்லிகிராம் வரை அனுமதி. போர்வெல் தண்ணீரை ஒரு தடவை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது, பின்னால் தரையை உடைத்துப் போடுவதைவிட மலிவு. கடல் மணலைக் கலவைக்குப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

இதற்கு மேல் வெள்ளம். 2015 நவம்பர் மழையையும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு சாத்தனூர் அணை திறக்கப்பட்டுத் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தையும் கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நாள் கணக்கில் சேற்று நீரில் மூழ்கி, பிறகு கழுவி எடுத்தால் பழைய நிலைக்கு வரும் தரைதான் இந்த ஊருக்குத் தேவை.

சிதம்பரம்: மூச்சுவிடும் மண்

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். நடுவில் இருக்கும் சிதம்பரம் வட்டாரம் நெல் விளையும் ஆற்றுப் படுகை. வயலுக்கு வரமான களிமண், தரைக்குச் சோதனை.

களிமண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வயலில் விழும் வெடிப்புகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் ஊதி மேலே தள்ளும். ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது என்பதால், இந்த ஏற்ற இறக்கம் இங்கே இன்னும் கூடுதல். வீட்டுக்கு ஆழமான அஸ்திவாரம் இருக்கிறது, அதனால் அது அசையாது. கார் நிற்கும் தரை மண்ணின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் அது அசையும். சுவரும் போர்ட்டிகோ தரையும் சேரும் இடத்தில் நீளமாக விரிசல் விழுவது பெரும்பாலும் இதனால்தான்.

வயலை மனையாக்கிய இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சவுடு மண்ணைக் கொட்டி உயர்த்திய மனையில் உடனே கட்டினால், மண் தன் எடையிலேயே சில வருடங்களுக்கு இறங்கிக்கொண்டிருக்கும். மேலே எவ்வளவு விலையுள்ள டைல்ஸ் போட்டாலும் அதுவும் சேர்ந்துதான் இறங்கும்.

முதல் செலவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்

இரண்டு ஊருக்கும் பொதுவான முறை இது.

மேல் மண், வேர், குப்பையை எடுத்துவிட வேண்டும். களிமண் நிலமென்றால் ஒன்றரை, இரண்டு அடி வரை தோண்டி எடுத்துவிட்டு, உப்பாத கிராவல் மண்ணை நிரப்பச் சொல்வது பொறியாளர்களின் வழக்கம். வெறும் மணலை நிரப்பினால், சுற்றிலும் களிமண் இருப்பதால், மழைநீர் தொட்டியில் நிற்பதுபோல் அதற்குள் தேங்கும். எவ்வளவு ஆழம் என்பதை அந்த மனையின் மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிரப்பும் மண்ணை 6 அங்குலத்துக்கு ஓர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசு அல்லது பிளேட் காம்பாக்டர் கொண்டு இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே மட்டும் தட்டினால் பலன் இல்லை.

அதன் மேல் 250 மைக்ரான் பாலித்தீன் ஷீட். ஓதத்தையும் உப்பையும் கீழேயே நிறுத்தும் மலிவான வேலி இது. ஷீட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று அரை அடியாவது ஏறியிருக்க வேண்டும்.

அதற்கு மேல் 4 அங்குல கான்கிரீட். கடலோரச் சூழலில் கம்பி இல்லாத கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 20, கம்பி போட்டால் எம் 30 என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. 10 அடிக்கு 18 அடி இடமென்றால் 180 சதுர அடி. 4 அங்குலத்துக்கு 60 கன அடி கான்கிரீட் வேண்டும். எம் 20 கலவைக்குச் சுமார் 14 மூட்டை சிமென்ட். கணக்கு தெரிந்திருந்தால், 8 மூட்டையில் முடிந்துவிட்டது என்று சொல்லும்போது ஏன் என்று கேட்கலாம்.

சிமென்டில் பி.பி.சி. எனப்படும் சாம்பல் கலந்த வகை கடலோரத்துக்கு நல்லது. கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி போன்ற அனல்மின் நிலையங்களில் மிஞ்சும் உலர் சாம்பல்தான் இதில் சேர்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளை அடைத்து, உப்பு ஊடுருவுவதை இது தாமதப்படுத்தும். ஆனால் மெதுவாகத்தான் பலம் பிடிக்கும். சாதாரண ஓ.பி.சி. சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்ட வேண்டும் என்றால், பி.பி.சி.க்கு 10 நாள். "மூணு நாள் ஊத்தினா போதும்" என்பதை ஏற்க வேண்டாம்.

ஒரே பலகையாகப் போட்ட கான்கிரீட் எப்படியும் வெடிக்கும். எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யலாம். 4 அங்குலத் தரையில் 8 முதல் 10 அடிக்கு ஒரு இடத்தில் ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டு கொடுத்தால், விரிசல் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். சுவரை ஒட்டி அரை அங்குல இடைவெளி விட்டு, நெகிழும் பொருளால் அடைக்க வேண்டும். மேலே டைல்ஸ் வந்தாலும் இந்த இரண்டு கோடுகளும் டைல்ஸிலும் தொடர வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் போர்ட்டிகோவுக்கு அடியில் இருக்கும் வீடுகள் ஏராளம். அவற்றின் மூடி வாகன எடைக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இது விரிசல் பற்றிய கேள்வி மட்டுமில்லை, உயிர் பற்றிய கேள்வி.

மேலே என்ன போடலாம்?

வெறும் சிமென்ட் தரை: கான்கிரீட்டையே நன்றாக இழைத்து, துடைப்பத்தால் கோடு இழுத்து விட்டுவிடலாம். வழுக்காது. வெள்ளத்தில் மூழ்கினாலும் கழுவினால் போதும். குறை, எண்ணெய்க் கறையை உறிஞ்சும். பார்க்க அவ்வளவு அழகில்லை. ஆனால் கையில் பணம் குறைவென்றால், அடித்தளத்தைச் சரியாகப் போட்டு இதோடு நிறுத்திக்கொண்டு, இரண்டு வருடம் கழித்து டைல்ஸ் ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம். அதற்குள் மண் இறங்க வேண்டியது இறங்கியிருக்கும்.

பார்க்கிங் டைல்ஸ்: 12 அங்குலம், 16 அங்குல சதுரங்களில் கிடைக்கின்றன. வாங்கும்போது டைலின் ஓரத்தைப் பாருங்கள். மேலே உள்ள நிறமே உள்ளேயும் இருந்தால் ஃபுல் பாடி. ஓரம் சிதைந்தாலும் அசிங்கமாகத் தெரியாது. நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதமோ அதற்கும் குறைவோ இருக்க வேண்டும். வழுக்காத தன்மைக்கு ஆர் 9 முதல் ஆர் 13 வரை குறியீடு உண்டு. மழை அடிக்கும் போர்ட்டிகோவுக்கு ஆர் 11 கேளுங்கள். ஒட்டும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் கலவையை உருட்டி வைத்து அழுத்துவது ஆகாது. அடிப்பரப்பு முழுவதும் கலவை அல்லது டைல் பசை பரவ வேண்டும். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் வந்தால் அப்போதே எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

பேவர் பிளாக்: அசையும் மண்ணுக்கு இதுதான் இணக்கமானது. சிறு சிறு கற்களாக இருப்பதால் மண் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் உடையாது. பள்ளம் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் பெயர்த்து, மணல் சேர்த்து, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். கார் நிறுத்துமிடம் போன்ற லேசான போக்குவரத்துக்கு 60 மில்லிமீட்டர் கனம். இதற்கு அடியில் கான்கிரீட் தேவையில்லை. இறுக்கிய கிராவல், ஜல்லி அடுக்கின் மேல் 25 முதல் 40 மில்லிமீட்டர் மணல் போதும். ஓரம் முழுக்க கான்கிரீட் கரை கட்டாயம், இல்லாவிட்டால் கற்கள் விலகிக்கொண்டே போகும். குறை, வெள்ளம் இடுக்கு மணலை அரித்துச் செல்லும். ஆற்றங்கரைப் பகுதிகளில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மணல் நிரப்ப வேண்டியிருக்கும். புல் முளைப்பதும் உண்டு.

கல்: மேற்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்ட கிரானைட் உப்பு, எண்ணெய், வெள்ளம் எல்லாவற்றையும் தாங்கும். விலைதான் இடிக்கும். கடப்பா, கோட்டா கற்கள் சுண்ணாம்பு வகை. ஆசிட் பட்டால் அரிக்கும், பாலிஷ் போட்டால் மழையில் வழுக்கும். சிமென்ட் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இவற்றைப் பாழாக்கிவிடும்.

எபாக்சி: இன்ஸ்டாகிராமில் பளபளக்கும் வெளிநாட்டு கராஜ் தரைகள் பெரும்பாலும் இதுதான். அங்கே கராஜ் என்பது நான்கு சுவரும் கதவும் உள்ள அறை. இங்கே போர்ட்டிகோ திறந்த இடம். வெயில் பட்டால் எபாக்சி மஞ்சளாகும். கீழிருந்து ஓதம் ஏறினால் கொப்பளித்து உரியும். கதவு உள்ள அறை, அடியில் பாலித்தீன் ஷீட், 28 நாள் ஆறிய கான்கிரீட் என்ற மூன்றும் இருந்தால் யோசிக்கலாம்.

ரப்பர், பி.வி.சி. விரிப்பு: தற்காலிகமாக, அறைக்குள் சரி. திறந்த இடத்தில் அடியில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும்.

ஓதம் இருக்கிறதா? வீட்டிலேயே ஒரு சோதனை

ஏற்கெனவே கான்கிரீட் இருக்கிறதென்றால், ஒன்றரை அடி சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை வெயில் படாத இடத்தில் விரித்து, நான்கு பக்கமும் டேப்பால் காற்று புகாமல் ஒட்டுங்கள். 16 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். உள்ளே நீர்த்துளி இருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ ஓதம் ஏறுகிறது என்று அர்த்தம். அங்கே எபாக்சி வேண்டாம். பருவமழை முடிந்தவுடன் செய்தால் முடிவு இன்னும் நம்பகமாக இருக்கும்.

வாட்டமும் உயரமும்

தண்ணீர் வீட்டுப் பக்கம் வராமல் வாசல் பக்கம் ஓட, 10 அடிக்கு ஒன்றரை முதல் 2 அங்குலம் வாட்டம் வேண்டும். வாட்டத்தை கான்கிரீட்டிலேயே கொடுக்க வேண்டும். டைல்ஸ் கலவையைத் தடிமனாக்கிக் கொடுத்தால் அது ஒரே சீராக இருக்காது.

அந்தத் தண்ணீரைத் தெருவுக்கு விடுவதா? 180 சதுர அடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 1,670 லிட்டர். தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம். கடல்நீர் நிலத்தடியில் ஊடுருவும் கடலோரத்தில் உள்ளே இறங்கும் ஒவ்வொரு லிட்டர் நல்ல தண்ணீரும் முக்கியம். கேட் அருகில் குறுக்கே ஒரு கம்பி வலைக் கால்வாய் வைத்து, உறிஞ்சு குழியில் சேர்க்கலாம். களிமண்ணில் உறிஞ்சு குழி தரையிலிருந்து தள்ளியும், மணல் அடுக்கைத் தொடும் அளவு ஆழமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே தண்ணீர் தரையைத் தூக்கும்.

உயரம் இன்னொரு தலைவலி. தெருவில் தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போனால், இன்றைக்குச் சரியாக இருக்கும் போர்ட்டிகோ நாளைக்குக் குளம். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டே புதியது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அது எல்லாத் தெருவிலும் நடக்கும் என்று நம்பிக் கட்ட முடியாது. 2015-லும் 2024-லும் அக்கம்பக்கத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டு, அதற்கேற்ப உயர்த்திக்கொள்வது நல்லது. உயர்த்தும்போது ரேம்ப் தெருவுக்குள் நீளக் கூடாது, காரின் அடிப்பாகமும் தட்டக் கூடாது. இரண்டையும் அளந்து பார்த்தே உயரத்தை முடிவு செய்ய வேண்டும்.

சுருக்கமாக, எது யாருக்கு?

• கடற்கரை, ஆற்றங்கரைக் கடலூர்: பாலித்தீன் ஷீட்டுடன் எம் 20 கான்கிரீட். அப்படியே விடலாம், அல்லது ஃபுல் பாடி பார்க்கிங் டைல்ஸ்.
• கேப்பர் மலைப் பக்கச் செம்மண்: மண்ணை நன்றாக இறுக்கினால் எதுவும் போடலாம்.
• சிதம்பரம் களிமண்: 60 மில்லிமீட்டர் பேவர் பிளாக் முதல் தேர்வு. டைல்ஸ்தான் வேண்டுமென்றால் களிமண்ணை மாற்றிய பிறகு.
• புதிதாக மண் நிரப்பிய மனை: முதல் இரண்டு வருடம் பேவர் அல்லது வெறும் சிமென்ட்.
• பைக்குகள் அதிகம் நிற்கும் வீடு: எந்தத் தரையானாலும் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு துண்டு கல் அல்லது இரும்புத் தகடு.

விலையை ஒப்பிடும்போது டைல்ஸின் சதுர அடி விலையை மட்டும் பார்க்காமல், தோண்டுதல், நிரப்புதல், கான்கிரீட், ஒட்டுக்கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அப்போதுதான் எந்த வேலை விட்டுப்போகிறது என்பது தெரியும்.

வெளியூரில் இருந்துகொண்டு வேலையைக் கவனிப்பவர்கள் மூன்று படங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: மண்ணை இறுக்கிய பிறகு ஒன்று, பாலித்தீன் ஷீட் விரித்த பிறகு ஒன்று, கான்கிரீட்டில் தண்ணீர் கட்டியிருக்கும்போது ஒன்று. கடைசிப் படத்தை 10 நாளும் கேளுங்கள். டைல்ஸ் ஒட்டிய படத்தை யாரும் கேட்காமலேயே அனுப்பிவிடுவார்கள்.